பூவாத செடிக்கும் வீட்டில் ஓர் இடம்

வீட்டில் செடி வளர்ப்பது நல்ல பழக்கம் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால் எந்தச் செடியை, எதற்காக, எத்தனை நாள் வளர்க்கிறோம் என்று கேட்டால் பலரிடமும் விடை இருப்பதில்லை. அண்மைக் காலமாக நம் கோவில்பதாகையிலும், ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளிலும் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் முன்னறையில் பெரணிச் செடியைக் காண்கிறோம். நர்சரிக்காரர்கள் அதைப் "பாஸ்டன் பெர்ன்" என்று விற்கிறார்கள். புதுமனை புகும் நாளில் பச்சைப் பசேலென்று தொங்கும் அந்தத் தொட்டி, சித்திரையும் வைகாசியும் கழிந்தபின் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வெறும் சருகாகிக் குப்பைக்குப் போய்விடுகிறது. அடுத்த மழைக்காலத்தில் இன்னொன்று வாங்கப்படுகிறது. அல்லது பிளாஸ்டிக் பெரணி ஒன்று அந்த ஆணியில் மாட்டப்படுகிறது.

இது சரியன்று என்பதே என் கருத்து. பெரணியை அலங்காரப் பொருளாக வாங்கி எறிவதை விட்டு, பேண வேண்டிய உயிராக அதை ஏற்க வேண்டும். வீட்டிற்கு ஒன்று போதும். அந்த ஒன்றும் மலையிலிருந்து பிடுங்கி வந்ததாக இருக்கக் கூடாது. இப்படிச் சொல்வதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பெரணி என்பது யாது என்று பார்ப்போம். பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. பூக்கும் தாவரங்கள் உலகில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே பெரணிகள் தோன்றிவிட்டன. நம் ஊருக்கு அண்மையிலுள்ள திருப்பெரும்புதூர்ப் பகுதியின் பாறைப் படிவுகளில், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் செடிகளின் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அச்செடிகளுள் பெரணி வகைகளும் உண்டு. ஆகவே பெரணி நமக்கு அயல்நாட்டு விருந்தாளி அன்று. நமக்கெல்லாம் முன்பே இம்மண்ணில் குடியிருந்தது.

இன்றும் நம்மைச் சுற்றிப் பெரணிகள் இருக்கின்றன. நாம்தான் அவற்றைப் பெரணி என்று அறிவதில்லை. ஏரியோரச் சேற்றிலும் வயல் வரப்பிலும் நான்கு இலைகளை விரித்து நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணி. நெல் வயலில் தழைச்சத்துக்காக இடப்படுவதும், மாட்டுக்குத் தீவனமாவதுமான அசோலா ஒரு பெரணி. கொல்லிமலைக்குச் சென்றவர்கள் அங்கே சூப் வைத்து விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுக்கால் போல் மயிர் அடர்ந்த அது, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டேயாகும். பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் கிணற்று உறைகளிலும் யாரும் நடாமலே முளைத்துச் சீப்புப்போல் இலை விடும் சுவர்ப் பெரணியை நாள்தோறும் கடந்து செல்கிறோம். நச்சுப் பொருளான ஆர்சனிக்கை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்து வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். நாம் களையென்று கிள்ளி எறியும் செடி, நஞ்சுற்ற நிலத்தைத் தூய்மை செய்யப் பயன்படுமா என்று உலகம் ஆராய்கிறது!

இதற்கு மாறாக, நாம் பெரணி என்று நினைக்கும் ஒன்று பெரணியே அன்று. பீடத்துப் பூச்சாடிகளிலும் மணமகள் கையிலுள்ள பூச்செண்டிலும் மெல்லிய பச்சைத் தூவலாக வைக்கப்படும் ஆஸ்பராகஸ் பூக்கும், காய்க்கும். அது நம் நாட்டு மருந்தான தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு. செடியின் பெயரை அறிவதற்கு முன் அது பூக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து கற்கலாம்.

விதையின்றிப் பெரணி எவ்வாறு பெருகுகிறது? முதிர்ந்த இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்போர் என்னும் நுண்தூள் நிறைந்திருக்கிறது. ஈரமான இடத்தில் விழும் தூள் முளைத்து, முதலில் விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவமான பச்சைத் தகடாகிறது. அத்தகட்டின்மேல் படிந்த நீர்ப்படலத்தில் ஆண் அணுக்கள் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்ந்த பின்னரே நாம் அறிந்த பெரணிச் செடி எழுகிறது. நீரின்றிப் பெரணிக்குச் சந்ததி இல்லை. அது ஈரத்தை நாடும் காரணம் இதுவே.

இப்பழுப்புப் புள்ளிகளை நோய் என்று எண்ணிச் சுரண்டுவோரும், பூச்சிமருந்து அடிப்போரும், இலையையே வெட்டுவோரும் உண்டு. அவ்வாறு செய்யாதீர்கள். வரிசை தவறாமல் ஒழுங்காக இருப்பின் அது ஸ்போர். காம்பிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டி, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருவதாயின் அது செதில்பூச்சி. அதனை ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதுமானது. கண்ணைத் திறந்து பார்த்தால் பாதி மருத்துவம் முடிந்துவிடும்.

இனி, நம் ஊரில் பெரணி ஏன் மடிகிறது என்று பார்ப்போம். மேகம் தவழும் சோலைகளிலும் ஓடைக் கரைகளிலும் வாழும் குலத்தைச் சேர்ந்தது அது. நம் மேற்குப் புறநகரோ கடலிலிருந்து தள்ளியிருக்கிறது. கோடையில் பிற்பகலில் வீசும் கடற்காற்று கடலோரத்தைக் குளிர்வித்த பின்னரே இங்கு வந்து சேர்கிறது. அதுவரை மேற்கிலிருந்து வரும் வறண்ட அனற்காற்றே நமக்குக் கிடைக்கும். வேருக்கு எவ்வளவு நீர் ஊற்றினாலும், மெல்லிய இலை அக்காற்றில் தன் ஈரத்தை இழந்துவிடுகிறது. போதாக்குறைக்குத் தொட்டியை மின்விசிறிக்கு நேர்கீழே மாட்டுகிறோம்.

இரண்டாவது காரணம் உப்பு. நம் வீடுகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரையே புழங்குகிறோம். தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பைக் கண்டிருப்பீர்கள். அவ்வுப்பு மண்ணில் சேரச் சேரப் பெரணியின் இலை நுனி கருகும். கருகியதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, அதே நீரை மேலும் ஊற்றுகிறோம். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றும் இல்லத்தரசிகள் பலர். சிக்கன எண்ணம் பாராட்டுக்குரியது. ஆனால் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது உதவும், பெரணிக்கு உதவாது. குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரோ காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவது. அதில் உப்பு இல்லை. எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்துக்குள் செல்லும் அந்நீரில் இரண்டு குடம் மூடி வைத்தால் பெரணிக்குப் பல நாள் வரும்.

இங்கே பெற்றோர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "குடிக்கவே தண்ணீரில்லாத ஊரில் அழகுச் செடிக்குத் தண்ணீரா?" என்பது அது. நியாயமான கேள்விதான். 2019-ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரித் தண்ணீருக்காக மக்கள் குடத்தோடு காத்து நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வேளையில் பத்துத் தொட்டிகளை வைத்துக் குழாயைத் திறந்துவிடுவது அண்டை வீட்டாருக்கு இழைக்கும் தீங்கே. ஆனால் ஒரு தொட்டிப் பெரணி கேட்பது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தம்ளர் நீர். அரிசி களைந்த நீர் புளிக்குமுன் கொடுக்கலாம். காய்கறி கழுவிய நீர் கொடுக்கலாம். பெரணிக்குத் தேவை மிகுதியான நீரன்று, தவறாத நீர். ஐந்து நாள் மறந்துவிட்டு ஆறாம் நாள் ஒரு வாளி ஊற்றுவதைவிட, நாள்தோறும் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவதே முறை. வீட்டிற்கு ஒன்று போதும் என்று நான் கூறுவது இதனால்தான்.

எங்கே வைப்பது? நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்குமளவு வெளிச்சமுள்ள இடம் வேண்டும். வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் நன்று. சன்னல் வைத்த குளியலறையும், துணி துவைக்கும் இடத்து நிழலும், கிணற்றடியும் அதற்கு மிகவும் பிடிக்கும். மேற்குப் பார்த்த பால்கனி கோடையில் ஆகாது. அடியில் துளையுள்ள மண்தொட்டியே சிறந்தது. செம்மண்ணோடு இலைமட்கும், நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூளும் கலந்து, அடியில் உடைந்த செங்கல் துண்டும் சிறிது அடுப்புக்கரியும் இடலாம். நார்த்தூளை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பே செடியைக் கெடுக்கும். தண்டின் தலையை மண்ணுக்குள் புதைக்கலாகாது. மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போதும். இலையைச் சுற்றி ஈரம் நிற்க, தொட்டியைச் சற்றுப் பெரிய தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் ஈரமணல் நிரப்புவது எளிய வழி. தட்டில் நீரைத் தேக்கி வைப்போர், இரண்டு நாளைக்கொருமுறை அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் டெங்குக் கொசுவை வளர்த்தவர்களாவோம்.

புதிதாகத் தொடங்குவோர் மெய்டன்ஹேர் என்னும் கருங்காம்புப் பெரணியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மிக அழகானதுதான், ஆனால் ஒரு வேளை காய்ந்தாலும் பொறுக்காது. பாஸ்டன் பெரணியும், பறவைக்கூடு போல் இலை விரிக்கும் பேர்ட்ஸ் நெஸ்ட் பெரணியும் நம் தட்பவெப்பத்தைத் தாங்குவன. தொட்டி நிறைந்தபின், ஆடி மாதத்திலோ ஐப்பசி மழையின் தொடக்கத்திலோ பாஸ்டன் பெரணியை வேரோடு இரண்டு மூன்றாகப் பிரித்து நடலாம். ஒருவர் வாங்கிய ஒரு செடி இவ்வாறு மூன்று வீடுகளுக்குச் செல்லும்.

பெரணி வீட்டுக் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய சிறு அறைகளில் தொட்டிச் செடிகளைக் கொண்டு செய்த ஆய்வே இப்பேச்சுக்கு மூலம். ஆனால் இத்தகைய பல ஆய்வுகளை ஒருசேரச் சீர்தூக்கி 2019-இல் வெளிவந்த கட்டுரை, காற்றோட்டமுள்ள சாதாரண வீட்டில் செடிகளால் அப்பயன் கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று காட்டியது. சன்னலைத் திறப்பதே மேல். பொய்யான பயனைச் சொல்லி ஒரு செடியை வாங்கினால், அப்பயன் இல்லையென்று தெரிந்த நாளில் அதைக் கைவிட்டுவிடுவோம். பெரணி நமக்கு மருந்தும் அன்று, ராசியும் அன்று. அது பெரணியாக இருப்பதே போதும்.

வீட்டுக்குள் பெரணி வளர்க்கும் ஆசை எவ்வளவு நன்மையும் எவ்வளவு கேடும் செய்யவல்லது என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. லண்டன் மாநகரில் நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர் இருந்தார். ஆலைப் புகையால் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை. 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடி வைத்தார். அம்மண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்து, மூடிய குப்பிக்குள் செழித்தது. உள்ளேயிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே வடிவதால், அதற்கு வெளி நீர் வேண்டியிருக்கவில்லை. இவ்வுண்மையிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் கடல் கடந்து செடிகள் பயணம் செய்தன. நம் நீலகிரிக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா நாற்றுகள் 1860-களில் அத்தகைய பெட்டிகளில் அனுப்பப்பட்டன.

அதே கண்ணாடிப் பெட்டி இங்கிலாந்தில் பெரணிப் பித்தை மூட்டியது. மலைகளையும் பாறைகளையும் தேடிச் சென்று மக்கள் கூடை கூடையாகப் பெரணிகளைப் பெயர்த்து வந்தார்கள். வணிகர்கள் வண்டியிலேற்றி விற்றார்கள். கில்லார்னிப் பெரணி போன்ற அரிய இனங்கள் பல இடங்களில் அடியோடு அழிந்தன. பெரணிமேல் கொண்ட அன்பே பெரணிக்குப் பகையாயிற்று!

அன்பு மாணவியரே, இதை நெடுந்தொலைவில் நடந்த கதை என்று எண்ணாதீர்கள். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலா செல்கிறோம். வெள்ளிப் பெரணியின் இலையைப் புறங்கையில் அழுத்தி, வெண்ணிறக் கோலம் பதிவதைக் கண்டு மகிழ்கிறோம். அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து பாதையோரமெங்கும் பரவிய செடி அது. ஓர் இலையால் அழிந்துவிடாது. ஆனால் பேருந்தில் ஏறும்போது சோலையோரத்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாலித்தீன் பையில் திணிக்கும் பழக்கம் வேறு வகையானது. காப்புக்காட்டில் அனுமதியின்றி அவ்வாறு எடுப்பது சட்டப்படியும் குற்றம். மலையின் குளிரில் வாழ்ந்த அச்செடி நம் ஊரின் வெயிலில் சில நாளும் தாங்குவதில்லை. மர உயரம் வளரும் மரப்பெரணிகளின் தண்டு, ஆர்க்கிட் செடி வளர்ப்பதற்காக உலகின் பல பகுதிகளில் வெட்டப்பட்டு வந்ததால், அவற்றின் பன்னாட்டு வணிகத்தை 'சைட்டிஸ்' உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது.

நம் மலைகளின் பெரணிகளை அறிவதற்காகப் பலர் வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் என்னும் ஆங்கிலேயர், தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் விளக்கும் நூலை 1863-இல் சென்னையிலிருந்து வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு வி. எஸ். மாணிக்கம் அடிகளார், பழனி மலைப் பெரணிகளைப் பற்றி 1986-இலும், இருதயராஜ் அவர்களுடன் இணைந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றி 1992-இலும் நூல்கள் வெளியிட்டார். அரிய பெரணிகளை ஆய்வுக்கூடத்தில் பெருக்கிக் காக்கும் முயற்சியும் அக்கல்லூரியில் நடந்தது. இப்பணியில் பெண்களுக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் ஐரீன் மேன்டன் அம்மையார் 1950-களின் தொடக்கத்தில் இலங்கைப் பெரணிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பின்னர் லண்டன் லின்னேயன் கழகத்தின் தலைவராக அமர்ந்த முதற் பெண்மணி அவரே. ஓர் இனத்தை அறிந்து காக்க அறிஞர்கள் பல்லாண்டு உழைக்கும்போது, ஒரு நொடியில் அதைப் பிடுங்க நமக்கு உரிமை உண்டா?

இன்னுமொரு காரணம் இருக்கிறது. மாணவியருக்காகவே அதைச் சொல்கிறேன். நாம் செடியைப் பூவைக்கொண்டே மதிக்கிறோம். பூத்தால் கொண்டாடுகிறோம், பூக்காவிட்டால் "வெறும் இலைதானே" என்கிறோம். பெண்பிள்ளைகளையும் உலகம் பல வேளைகளில் இவ்வாறே அளக்கிறது. நிறத்தையும் அணியையும் பார்க்கிறது. பெரணி யாரையும் கவர நிறம் காட்டுவதில்லை. ஆயர் ஏந்தும் கோலின் தலைபோலச் சுருண்டு எழும் இளங்கொழுந்து, நாளுக்கு நாள் அவிழ்ந்து முழு இலையாவதை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அவசரமின்றி, தனக்குரிய அளவில், ஒரு மடிப்பும் தவறாமல் விரிகிறது. நிழலில் இருப்பது வளர்ச்சிக்குத் தடையன்று என்பதை அதனிடம் காணலாம். அமைதியாகப் படித்து முன்னேறும் மாணவியைக் குறைவாக எண்ணும் நமக்கும், தன்னைத்தானே குறைவாக எண்ணும் அவளுக்கும் அது நல்ல துணை.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறேன். பெற்றோர்களே, பெரணி வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நிழலும் வெளிச்சமும் உள்ள இடம் இருக்கிறதா? உப்பில்லாத நீர் நாளுக்கு ஒரு தம்ளர் கிடைக்குமா? நாள்தோறும் தொட்டுப் பார்க்க ஒரு கை உண்டா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வேண்டாம். அந்தக் கையை உங்கள் மகளின் கையாக்குங்கள். மகன் இருந்தால் அவனுக்கும் முறை வையுங்கள். செடி பேணுவது பெண்களுக்கு மட்டும் உரிய வேலையன்று.

அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் இசைந்தால், பள்ளியின் கெபியருகே நிழலான மூலையில் ஒரு பெரணித் திட்டை அமைக்கலாம். செங்கல் துண்டு ஒன்றைக் கொதிநீரில் இட்டு எடுத்து, ஆறிய பின் சிறிது நீருள்ள கண்ணாடிச் சாடியில் நிறுத்தி, அதன்மேல் சுவர்ப் பெரணியின் ஸ்போர்த் தூளைத் தட்டி மூடி வைத்தால், சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றும். மாதங்கள் கழித்துச் சிறு பெரணிகள் எழும். பாடநூலில் படமாகப் பார்த்ததை மாணவியர் கண்ணால் காண்பார்கள். அத்திட்டையில் செழித்தவற்றைப் பிரித்து, பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சிறு தொட்டி கொடுத்தனுப்பலாம். பரிசுக் கோப்பைகளுக்கு ஆகும் செலவும் இதற்கு ஆகாது.

வீட்டிற்கு ஒரு பெரணி. அதற்கு நாள்தோறும் ஒரு தம்ளர் நீரும் ஒரு நிமிடக் கவனிப்பும். இவ்வளவே நான் வேண்டுவது. ஒரு கோடையை அது நம் கையில் தாண்டிவிட்டால், மறு ஆண்டு அதைப் பிரித்து அண்டை வீட்டாருக்கும் கொடுப்போம். மலைப் பெரணிகளை மலையிலேயே வாழ விடுவோம்.